உலக சுகாதார நிறுவனமும் தமிழ்நாட்டின் காசநோய்ப் பணியும்

உலக சுகாதார நிறுவனம் ஐக்கிய நாடுகள் அவையின் மருத்துவ அமைப்பு. இதன் சாசனம் 1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்தது; இந்தியா அந்த ஆண்டின் ஜனவரியிலேயே இதில் சேர்ந்துவிட்டது. இதன் தென்கிழக்காசிய வட்டார அலுவலகம் தில்லியில் இருக்கிறது. ஊர்தோறும் மருத்துவமனை கட்டுவதோ செவிலியருக்குச் சம்பளம் கொடுப்பதோ இதன் வேலை அல்ல. நெறிமுறை வகுப்பது, வல்லுநரை அனுப்புவது, ஆய்வுக்குத் துணை நிற்பது, பயிற்சி தருவது ஆகியவையே இதன் வழிகள். அந்த உதவி தமிழ்நாட்டில் ஆழமாக வேர்விட்டது காசநோய்ப் பணியில்தான். கொண்டதைவிடத் தமிழ்நாடு உலகுக்குக் கொடுத்தது குறைவில்லை என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது.

1950களில் காசநோய்க்குச் சானடோரியமே கதி என்று கருதப்பட்டது. நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு, மாதக்கணக்கில் படுக்கை. நாட்டிலிருந்த நோயாளிகள் அத்தனை பேருக்கும் கட்டில்களை எந்த அரசாலும் போட்டுத் தந்திருக்க முடியாது. இந்த நிலையில் 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. லண்டனிலிருந்து வந்த மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தொடக்க ஆண்டுகளில் ஆய்வை வழிநடத்தினார்.

சென்னையின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த, இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டு மருந்து பெற்றனர். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தபடி ஓராண்டு அதே ஐசோனியசிட், பாஸ் மருந்துகளை உட்கொண்டனர். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகின் எண்ணத்தையே மாற்றியது. உணவிலும் ஓய்விலும் பின்தங்கியிருந்தும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் உடனிருந்தோருக்குத் தொற்று கூடவும் இல்லை. நோய் கண்டறியப்படும் முன்பே பரவ வேண்டியது பெரும்பாலும் பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் குறைகிறது. குடிசைவாசிகளின் உடம்பும் ஒத்துழைப்பும் இல்லாமல் இந்த அறிவு கிடைத்திருக்காது. பாடநூல்களில் ஆய்வாளர் பெயர் நிற்கிறது, அந்த நோயாளிகளின் பெயர் இல்லை. இக்கட்டுரையாளருக்கு இது ஒரு தீராத குறையாகவே தோன்றுகிறது.

சென்னையின் முடிவு இந்தியாவின் கொள்கையை உடனே தொட்டது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் துணை நிற்க, 1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் உருவானது. அது வகுத்த தேசியத் திட்டம் 1962இல் வந்தது. காசநோய்க்கெனத் தனி மாளிகை எழுப்பாமல், பொது மருத்துவ நிலையங்களிலேயே சளிப் பரிசோதனையும் மருந்தும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இன்று உத்திரமேரூர் பகுதியின் காவாந்தண்டலம் போன்ற சிற்றூரில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடாவிட்டால், கிராம சுகாதார செவிலியரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையமுமே அவருக்கு முதல் வழி. நோய் உறுதியானால் வழக்கமாக ஆறு மாதம் மருந்து இலவசம். பெரும்பாலோர் வீட்டிலிருந்தே சாப்பிடுகிறார்கள். மருந்து சாப்பிடும் காலத்தில் சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் தரப்பட்டது; 2024 நவம்பரில் அது 1000 ஆனது.

காவாந்தண்டலம் அமைந்த நிலப்பகுதி 1960களில் ஒரே பெரிய செங்கல்பட்டு மாவட்டம். 1997இல்தான் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. பழைய மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பக்கத்தில் 1968இல் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி பற்றிய மிகப் பெரிய ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் வாழ்ந்த பகுதி அது. ஊசி பற்றிய தர்க்கம் இங்கே புதிதல்ல. 1955இலேயே ராஜாஜி பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்து எழுதியிருந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முதல் முடிவுகள் 1979இல் வந்தன. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை என்றன அவை. எதிர்பாராத முடிவை மூடி மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து காப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடப்படுகிறது.

1990களில் மருந்தைச் சுகாதாரப் பணியாளரின் கண்முன் விழுங்கச் செய்யும் முறையை உலக சுகாதார நிறுவனம் உலகெங்கும் பரப்பியது. கண்காணித்து மருந்தளிப்பதும், அதை வாரத்தில் சில நாள் மட்டும் தருவதும் 1960களில் சென்னையில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. 1997இல் தொடங்கிய திருத்தப்பட்ட தேசியத் திட்டத்துக்காக நிறுவனத்தின் ஆலோசகர்கள் மாவட்டங்களில் பணியாற்றினார்கள். 2006க்குள் திட்டம் நாடு முழுதும் பரவியது. ஆனால் திட்டப்படி வாரம் மூன்று முறை மையத்துக்கு வருவது கூலிக்குப் போகிறவருக்குச் சுமை. அந்த அட்டவணையை நெடுங்காலம் விட்டுவிடாமல் வைத்திருந்தது, என் கணிப்பில், திட்டத்தின் பெரிய குறை. 2017இல்தான் இந்தியா முழுதும் தினசரி மருந்துக்கு மாறியது.

தமிழ்நாட்டிலிருந்து உலக சுகாதார நிறுவனத்துக்குப் போனவர்களும் உண்டு. 1961இல் தில்லியில் கூடிய உலக சுகாதாரப் பேரவைக்கு ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைவராக இருந்தார். சென்னை மையம் வளர்ந்து தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமானது. அதன் இயக்குநராக இருந்த சௌமியா சுவாமிநாதன் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை அறிவியலாளர் ஆனார்.

இன்றைய பணிக்கு வந்தால், 2022இல் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. இதில் நோய் கண்டறிந்ததும் நோயாளியின் எடை, மூச்சு, ஆக்சிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்கும் வலு ஆகியவை பார்க்கப்படுகின்றன. கடுமையாக இருந்தால் மட்டும் அவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.