தெய்சேக் குன்றும் தேடிவரும் இளைஞரும்



சமயங்களின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். பெருங் கோயில்களும் பேரவைகளும் செய்துமுடிக்க இயலாத சில பணிகளைப் பெயரறியாச் சிற்றூர்களிலே வாழ்ந்த ஒருசிலர் செய்திருக்கின்றனர். பிரான்சு தேசத்தின் கிழக்குப் பாகத்திலே, பர்கண்டி என்னும் பிரதேசத்தில், ஒரு சிறு குன்றின்மீது தெய்சே என்னும் கிராமம் இருக்கின்றது. சில வீடுகள், பழைமையான ஒரு சிறு தேவாலயம், சுற்றிலும் மேய்ச்சல் நிலங்கள்: இவையே அவ்வூரின் இயற்கைச் செல்வம். ஆயினும் கோடை காலத்திலே வாரந்தோறும் பல தேசங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான இளைஞரும் யுவதிகளும் அக்குன்றை நாடி வருகின்றனர். அங்கே அற்புதம் நிகழ்ந்ததாகக் கதையில்லை. புனிதர் எவருடைய திருப்பண்டமும் இல்லை. அவ்வாறாயின் அவர்கள் எதனை நாடி வருகின்றனர்? இவ்வினாவுக்கு விடைகாண அவ்வூரின் வரலாற்றையே ஆராய வேண்டும்.

பர்கண்டி மண்ணுக்குத் துறவிகள் புதியவரல்லர். தெய்சேக்கு அண்மையிலேயே குளூனி என்னும் ஊர் உள்ளது. அங்கு 910ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மடம் இடைக்கால ஐரோப்பாவின் சமய வாழ்வையே நெறிப்படுத்தியது. அதே பிரதேசத்தில் 1098ஆம் ஆண்டில் சீத்தோ மடமும் எழுந்தது. ஆனால் பிரான்சியப் புரட்சிக்குப்பின் குளூனியின் மாபெரும் ஆலயம் இடிக்கப்பட்டுக் கட்டடக் கற்களாக விலைபோயிற்று. இதற்கு முன்னரே, பதினாறாம் நூற்றாண்டில், மாட்டின் லூதரும் ஏனைய சீர்திருத்தவாதிகளும் துறவு நோன்பை மறுத்துரைத்திருந்தனர். ஆகவே புரட்டஸ்தாந்துச் சபையிலே தோன்றிய ஒருவர் துறவியர் குழுவொன்றை அமைப்பார் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எவரும் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

அவ்வாறு அமைத்தவர் சகோதரர் றொஜே என்று உலகம் அறிந்த றொஜே சூட்ஸ் ஆவார். அவர் 1915ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் தேதி சுவிற்சர்லாந்திலே பிறந்தார். தந்தையார் புரட்டஸ்தாந்துப் போதகர். தாயார் பிரான்சியக் குடும்பத்தவர். ஒன்பது பிள்ளைகளுள் இவரே கடைக்குட்டி. இளமையில் காசநோய் இவரைப் பற்றிக்கொண்டது. நீண்ட காலம் படுத்த படுக்கையாயிருந்த அந்நாட்களிலேதான் மனிதர் ஒருவரோடொருவர் இணைந்து வாழ்வது எங்ஙனம் என்னும் சிந்தனை இவருள் முளைகொண்டது. முதலாம் உலகப் போரின்போது வட பிரான்சில் வாழ்ந்த இவருடைய பாட்டியார் அகதிகளுக்குத் தம் வீட்டைத் திறந்துவிட்டவர். பிரிந்துநின்ற கிறித்தவர்களே ஒருவரையொருவர் கொல்வதைக் கண்டு மனம் நொந்து, கத்தோலிக்க ஆலயத்துக்கும் சென்று வழிபடத் தொடங்கியவர். அம்மூதாட்டியின் முன்மாதிரியே தமக்கு வழிகாட்டியதென்று பேரன் பின்னாளில் பலமுறை கூறியிருக்கின்றார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பிரான்சு வீழ்ச்சியுற்று, எல்லைக்கோடு ஒன்றினால் இருகூறாக்கப்பட்டது. சுவிற்சர்லாந்தில் அமைதியாக வாழ வாய்ப்பிருந்தும், இருபத்தைந்து வயதான றொஜே அதனை விரும்பவில்லை. அவ்வாண்டு ஓகஸ்து மாதத்திலே துவிச்சக்கர வண்டியில் ஜெனீவாவை விட்டுப் புறப்பட்டுப் பிரான்சுக்குள் சென்றார். தெய்சேயில் வீடொன்று விலைக்கு உள்ளதென அறிந்து அங்கு சென்றபோது, வயது முதிர்ந்த ஒரு பெண்மணி அவருக்கு உணவளித்து, தனித்துக் கிடக்கும் தம் ஊரிலேயே தங்கிவிடுமாறு கேட்டுக்கொண்டார். வேறிடங்களையும் பார்த்திருந்த அவர் அம்மூதாட்டியின் சொல்லுக்கு இணங்கித் தெய்சேயையே தெரிந்தார். எல்லைக்கோடு அவ்வூருக்குச் சில கிலோமீற்றர் தொலைவிலேயே இருந்தமையால், உயிர் தப்பி ஓடிவந்த யூதர்களும் பிறரும் அவ்வீட்டில் புகலிடம் பெற்றனர். அவருடைய சகோதரி ஜெனவியேவும் வந்து துணைநின்றார்.

இங்கே நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தம் வீட்டிலே தங்கியிருந்தோருள் யூதரும் கடவுள் நம்பிக்கையற்றோரும் இருந்தபடியால், அவர்களுடைய மனம் சங்கடப்படலாகாதென்று றொஜே தனியாகவே செபித்து வந்தார். செபப் பாடல்களைப் பாட விரும்பிய வேளைகளில் வீட்டைவிட்டு அப்பாலுள்ள காட்டுக்குச் செல்வார். அடைக்கலம் அளித்தவர் தம் சமயத்தை அடைக்கலம் பெற்றவர்மேல் திணிக்கவில்லை. பிற்காலத்தில் இளைஞர்பால் தெய்சேயார் கைக்கொண்ட நெறியின் வித்து இதுவேயாகும்.

1942ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் செய்தி வெளியாகிவிட்டது. ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் தக்க சமயத்தில் எச்சரித்ததனால் உடன்பிறந்தார் இருவரும் தப்பினர். ஜெனீவாவில் தங்கியிருந்த காலத்தில் மக்ஸ் தூரியன் முதலிய தோழர்கள் சிலர் றொஜேயோடு இணைந்தனர். 1944ஆம் ஆண்டில் அவர்கள் தெய்சேக்குத் திரும்பினர். இப்பொழுது நிலைமை தலைகீழாகியிருந்தது. முன்னர் அதிகாரஞ் செலுத்திய யேர்மானியர் இப்பொழுது கைதிகளாய் அயலிலுள்ள முகாம்களில் அடைபட்டுக் கிடந்தனர். முன்பு யூதருக்குப் புகலளித்த அதே வீடு ஞாயிறு தோறும் யேர்மானியக் கைதிகளை வரவேற்றது. ஊர்மக்களின் உள்ளத்தில் போர்க்காயம் ஆறாதிருந்த வேளையில் இது எளிய செயலன்று. ஜெனவியேவ் அம்மையார் போரினால் பெற்றோரை இழந்த சிறுவர் சிலரைத் தம் பிள்ளைகளாக வளர்த்தார். 1949ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று சகோதரர் எழுவர் மணவாழ்வு துறந்து, உடைமைகளைப் பொதுவாக்கி, ஆயுள் முழுவதும் எளிமையாக வாழ்வதென உறுதிபூண்டனர். அன்று புரட்டஸ்தாந்தினர் மாத்திரமே இருந்த குழுவில் 1969 முதல் கத்தோலிக்கரும் சேர்ந்தனர்.

இளைஞர் கூட்டம் எவராலும் திட்டமிட்டு அழைக்கப்பட்டதன்று. 1950ஆம் ஆண்டுகளின் இறுதியிலே அவர்கள் தாமாகவே வரத்தொடங்கினர். கிராமத்துச் சிறு தேவாலயத்தில் இடம் போதவில்லை. போரின் கொடுமைகளுக்குக் கழுவாய் தேடும் நோக்குடன் யேர்மானியர் அமைத்த இயக்கமொன்றைச் சேர்ந்த இளைஞர்கள் வந்து, தம் கைகளாலேயே பெரியதோர் ஆலயத்தைக் கட்டிக் கொடுத்தனர். ஒப்புரவு ஆலயம் என்னும் பெயருடன் அது 1962ஆம் ஆண்டு ஓகஸ்து 6ஆந் தேதி திறந்துவைக்கப்பட்டது. அதுவும் சில ஆண்டுகளில் போதாதாயிற்று. 1971ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளின்போது, திரண்டுவந்த மக்களை உள்ளே சேர்ப்பதற்காகச் சகோதரர்கள் புத்தாலயத்தின் முகப்புச் சுவரையே இடித்துக் கூடாரம் ஒன்றை அதனோடு இணைத்தனர். இடம் குறைவென்று இளைஞரைத் திருப்பி அனுப்புவதினும் சுவரை இடிப்பதே மேலென அவர்கள் கண்டனர்.

அக்காலத்தின் இயல்பை நாம் மறத்தலாகாது. 1968ஆம் ஆண்டில் பாரிசு மாணவர் கிளர்ச்சி பிரான்சையே உலுக்கியது. பழைய நிறுவனங்கள் யாவும் ஐயத்துக்குள்ளாயின; திருச்சபையும் அதற்கு விலக்காகவில்லை. இளைஞர் பலர் ஆலயங்களை விட்டு அகன்றனர். அவ்வேளையில் சகோதரர் றொஜே 1970ஆம் ஆண்டில் இளைஞர் பேரவை ஒன்று கூடுமென அறிவித்தார். 1974ஆம் ஆண்டு அது தொடங்கியபோது ஏறக்குறைய 40,000 இளைஞர் குன்றைச் சூழ்ந்தனர். இத்துணைப் பெருங் கூட்டத்தைக் கொண்டு வேறெவரும் ஓர் இயக்கத்தை நிறுவியிருப்பர். கொடி, உறுப்புரிமை, கிளைச் சங்கம் யாவும் உருவாகியிருக்கும். சகோதரர்களோ அதனைச் செய்ய மறுத்தனர். பேரவையை இடைநிறுத்தி, 1980ஆம் ஆண்டுகளிலே அதற்குப் பதிலாக நம்பிக்கை யாத்திரை என்பதொன்றை ஆரம்பித்தனர். தெய்சேக்கு வருவோர் தெய்சேயின் அங்கத்தவராவதில்லை. தத்தம் ஊருக்கும் சபைக்கும் திரும்பிச் சென்று அங்கேயே பணிபுரியுமாறு அனுப்பப்படுகின்றனர்.

இனி, அங்கே ஒரு வாரம் எவ்வாறு கழிகின்றதென்று பார்ப்போம். நாளொன்றுக்கு மூன்று முறை மணி ஒலிக்கும். அனைவரும் ஆலயத்தில் தரையிலே அமர்ந்து செபிப்பர். காலையில் சகோதரர் ஒருவர் திருமறையின் ஒரு பகுதியை விளக்குவார். அதன்பின் பல நாட்டு இளைஞர் சிறு சிறு குழுக்களாக இருந்து அதனைப்பற்றித் தம் எண்ணங்களைப் பரிமாறுவர். ஐயமுடையோர் ஐயத்தைச் சொல்லலாம், நம்பிக்கையற்றோரும் இருக்கலாம். ஏனைய நேரத்தில் சமைத்தல், பரிமாறுதல், பாத்திரம் கழுவுதல், மலசலகூடம் துப்புரவு செய்தல் ஆகிய வேலைகள் யாவற்றையும் இளைஞரே பங்கிட்டுச் செய்வர். உணவு மிக எளியது, படுக்கையும் அத்தகையதே. வழிபாட்டின் நடுவே பல நிமிடங்கள் நீளும் மௌனம் உண்டு. ஓயாத ஆரவாரத்திலே வளர்ந்த பிள்ளைகள் முதல் நாள் அம்மௌனத்திற்கு அஞ்சுவர். வாரமுடிவில் அதனை விட்டுப் பிரிய மனமின்றிச் செல்வர்.

அவ்வழிபாட்டின் இசையும் ஒரு தேவையின் பயனாகப் பிறந்ததே. பத்துப் பதினைந்து மொழிகள் பேசுவோர் ஒருங்கே நீண்ட கீர்த்தனைகளைப் பாடுதல் இயலாது. ஆதலின் பாரிசிலே வாழ்ந்த இசையறிஞர் சாக் பெர்த்தியே 1970ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி முதல் ஓரிரு வரிகளே கொண்ட சிறு பாடல்களுக்கு இசையமைத்து உதவினார். அவ்வரிகள் மீண்டும் மீண்டும் பாடப்படும். பெரும்பாலானவை எவருக்கும் தாய்மொழியல்லாத இலத்தீனிலே அமைந்தன. ஆகவே எவர்க்கும் முதன்மையில்லை, எவரும் அந்நியருமில்லை. நாமாவளி பாடிப் பழகிய நம்மவர்க்கு அதன் இயல்பை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சகோதரர்கள் தம் உழைப்பினாலேயே சீவிக்கின்றனர். மட்பாண்டத் தொழில் அவர்களுடைய வருவாய்க்குரிய வழிகளுள் ஒன்று. தமக்கென நன்கொடை பெறுவதில்லை. குடும்பச் சொத்து ஏதேனும் கிடைப்பினும் அதனை ஏழைகளுக்கே அளித்துவிடுவர். கம்யூனிச ஆட்சி நிலவிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கு 1962 முதல் அவர்கள் ஓசையின்றிச் சென்று இளைஞரைச் சந்தித்து வந்தனர். 1978 முதல் ஆண்டிறுதி தோறும் ஐரோப்பிய நகரமொன்றிலே இளைஞர் மகாநாடு கூடுகின்றது. பெர்லின் மதில் வீழ்ந்த 1989ஆம் ஆண்டின் இறுதியிலே அது போலந்து நாட்டின் வுரொட்ஸ்வாவ் நகரில் நடந்தது. நமக்கு அண்மையிலுள்ள சென்னை மாநகரமும் 1985ஆம் ஆண்டின் இறுதியில் இத்தகைய கூட்டமொன்றைக் கண்டது. வங்காளதேசத்தின் மைமன்சிங் நகரிலே சகோதரர் சிலர் நெடுங்காலமாக ஏழைகளிடையே வாழ்ந்து வருகின்றனர்.

இம்முயற்சியைக் குறைகூறியோரும் இல்லாமலில்லை. உணர்ச்சியை எழுப்புகின்றனரேயன்றிக் கோட்பாட்டைப் போதிக்கின்றார்களில்லை என்றனர் சிலர். சபைகளுக்கிடையேயுள்ள உண்மையான வேறுபாடுகளை மூடி மறைக்கின்றனர் என்றனர் வேறு சிலர். குன்றில் ஒரு வாரம் பாடியவர்கள் வீடு திரும்பியபின் தம் கோயிலை எட்டியும் பாரார் என்று வருந்திய குருமாரும் உளர். இவை புறக்கணிக்கத்தக்க வாதங்களல்ல. ஆயினும் ஆலயத்தின் வாயிலைக்கூட நாடாதிருந்தோர் அங்கே திருமறையைத் திறந்து வினாவெழுப்புகின்றனர் என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மாணாக்கனுடைய வினாவைக் கேட்குமுன்னரே விடையைப் புகட்டும் ஆசிரியன் விரைவிலே வெறும் வாங்குகளுக்குப் பாடஞ் சொல்ல நேரும். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவர்கள் இதனை நன்கு அறிவர்.

தெய்சேக்குப் பெருஞ் சோதனைகளும் நேர்ந்தன. 2005ஆம் ஆண்டு ஓகஸ்து 16ஆந் தேதி மாலைச் செபத்தின்போது, தொண்ணூறு வயதான சகோதரர் றொஜேயை மனநலங் குன்றிய பெண்ணொருத்தி கத்தியாற் குத்திக் கொன்றாள். ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்திருந்த ஆலயத்திலேயே அது நிகழ்ந்தது. அடக்க ஆராதனையில், அவருக்குப்பின் தலைமையேற்ற யேர்மானியரான சகோதரர் அலோய்ஸ், அப்பெண்ணை மன்னிக்குமாறு இறைவனை வேண்டினார். அடுத்த சோதனை உள்ளிருந்தே வந்தது. கடந்த காலத்தில் சகோதரர் சிலர் இளைஞர்பால் பாலியல் முறைகேடு புரிந்தனர் என்னும் குற்றச்சாட்டுகளை 2019ஆம் ஆண்டிலே அலோய்ஸ் தாமே வெளிப்படுத்தி, நீதித்துறைக்கும் அறிவித்தார். நம்பி வந்த பிள்ளைகளுக்குத் தீங்கிழைப்பதினும் கொடியது பிறிதில்லை. திறந்த கதவு காவலற்ற கதவாக இருத்தலாகாது என்னும் பாடத்தை அக்குழு பெருந் துயரத்துடன் கற்க நேர்ந்தது. இதனை ஒளித்து எழுதும் வரலாறு வரலாறாகாது. 2023ஆம் ஆண்டின் இறுதியிலே தலைமைப் பொறுப்பு ஆங்கிலேயரும் அங்கிலிக்கன் சபையினருமான சகோதரர் மத்தேயுவிடம் சென்றது. புரட்டஸ்தாந்தர், கத்தோலிக்கர், அங்கிலிக்கர் என மூன்று மரபினர் ஒருவர்பின் ஒருவராக ஒரே குழுவை வழிநடத்துவது கிறித்தவ வரலாற்றிலே அருமையான நிகழ்ச்சியாகும்.

நேயர்களே, இளைஞர் சமயத்தை விட்டு விலகுகின்றனர் என்னும் முறைப்பாடு கிறித்தவருக்கு மாத்திரம் உரியதன்று. நம் நாட்டுச் சைவரும் பௌத்தரும் இசுலாமியரும் தத்தம் இல்லங்களிலே கூறும் முறைப்பாடே அது. அதற்குரிய மருந்தாகத் தெய்சேயின் பாடலையோ கூடாரத்தையோ இங்கு கொண்டுவர வேண்டியதில்லை. யூத அகதியின் மனம் நோகாதபடி காட்டுக்குச் சென்று செபித்த இளைஞனின் பண்பும், வருவோர்க்கு இடந்தரச் சுவரை இடித்த சகோதரரின் துணிவும், தவறு நேர்ந்தபோது அதனை மறைக்காத நேர்மையும் எச்சமயத்தார்க்கும் பொருந்துவன. பிள்ளைகள் நம்மிடம் வினா எழுப்பும்போது, அதட்டி வாயடைக்காமல் அருகில் அமர்த்திச் செவிகொடுப்போமாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.