கோட்டையை இடிச்சதுக்கு ஒரு தூண்

ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற ஜெய்ப்பூர்க்காரன், "உங்க மதுரையில கோட்டை இருக்கா?"ன்னு கேட்டுட்டான். கோயில், நாயக்கர் மகால்னு அளந்துக்கிட்டிருந்த எனக்கு வாய் அடைச்சுப் போச்சு.

இருந்துச்சுங்க. 72 கொத்தளம், ஒவ்வொண்ணும் ஒரு பாளையக்காரர் பொறுப்புன்னு சொல்லுவாங்க. ஊருக்குள்ள நெரிசல்னு அதை இடிக்க வைத்தவர் 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன். அவர் செய்த வழிதான் சுவாரசியம். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலம்! சும்மா இருப்பாங்களா நம்மாளுங்க? கோட்டை போய் வெளி வீதிகள் வந்தன. அந்த வேலையில் கூட இருந்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும்.

அந்தக் கலெக்டருக்கு நன்றியாக ஊர் மக்கள் வைத்ததுதான் விளக்குத்தூண். அம்மாவோட ஜவுளி எடுக்கப் போறப்ப எத்தனை தடவை அதைத் தாண்டியிருப்பேன், ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை :-(

ஊர் மூச்சு விட்டது நிஜம்தான். ஆனாலும் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மிச்சமிருக்கிற அந்தக் கோட்டைத் துண்டைப் பார்த்தா மனசு கேக்கல. அடுத்த லீவுக்கு ஜெய்ப்பூர்க்காரனைக் கூட்டிட்டு வந்து ரெண்டையும் காட்டணும், முதல்ல தூணை.