அக்ரோமாட்

கிரேக்கத்தில் 'க்ரோமா' என்றால் நிறம். முன்னால் வரும் 'அ' இன்மையைக் குறிக்கும். நிறப்பிசிறு காட்டாத கூட்டு வில்லைக்கு இட்ட பெயர் இது. 1758இல் லண்டனின் ஜான் டாலண்ட் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

எலக்ட்ரான் சுற்றும் சேமிப்பு வளையத்திலும் இதே பெயர் வழங்குகிறது. அங்கே ஏது நிறம்? ஆற்றல்தான் நிறம்.

வளைகாந்தத்தில் ஆற்றல் குறைந்த எலக்ட்ரான் கூடுதலாகத் திரும்பும், மிகுந்தது குறைவாக. அப்படிப் பிரிந்தவற்றை ஒரே தடத்தில் சேர்க்கும் காந்த வரிசையே அக்ரோமாட். முந்தைய வளையங்களில் வரிசைக்கு இரண்டோ மூன்றோ வளைகாந்தங்கள்தாம். சுவீடனின் லுண்ட் நகரில் 2016இல் திறந்த மாக்ஸ் 4 ஆய்வகம் தன் 528 மீட்டர் வளையத்தில் அவற்றை ஏழேழாக வைத்தது. ஒவ்வொரு திருப்பமும் சிறிது என்பதால் கற்றை மெலிந்தது. பிரான்சின் கிரெனோபிள் வளையமும் 2020இல் இவ்வழிக்கு மாறியது.

மெலிந்த கற்றைக்குத் தரையின் அதிர்வே பகை. அதனால் லுண்டில் பல காந்தங்களை ஒரே இரும்புப் பாளத்தில் கடைந்து, கான்கிரீட் மேடைமீது அமர்த்தியிருக்கிறார்கள்.