புரொஸ்டேட் மாத்திரையும் இரத்தப் பரிசோதனை முடிவும்

வயது முதிர்ந்த ஆண்களுக்குப் புரொஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஏற்படும்போது வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளுள் பினாஸ்டரைட் முக்கியமானதாகும். இம்மருந்து புரொஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கின்றதா, அன்றி அதன் கொடிய வகையைத் தூண்டிவிடுகின்றதா என்ற கேள்வி 2003 ஆம் ஆண்டு முதல் மருத்துவ உலகைக் குழப்பி வந்தது. அக்கேள்விக்கு 2019 இல் பெருமளவுக்குத் தெளிவான விடை கிடைத்தது. எனினும் அதே ஆண்டில் வெளியான மற்றுமோர் ஆய்வு வேறொரு ஆபத்தைச் சுட்டிக்காட்டியது. முதலாவது விடயம் ஓரளவு பேசப்பட்ட போதிலும் இரண்டாவது போதிய கவனத்தைப் பெறவில்லை என்றே நாம் கருதுகின்றோம்.

இம்மருந்தின் வரலாறு டொமினிக்கன் குடியரசிலுள்ள சலினாஸ் என்னும் சிற்றூருடன் தொடர்புடையது. அங்கு சில குடும்பங்களில், பெண் குழந்தைகள் போன்ற தோற்றத்துடன் பிறந்தவர்கள் பருவ வயதில் ஆண்களாக வளர்ச்சியடைவதை ஆராய்ந்த ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி என்ற அமெரிக்க வைத்திய நிபுணரும் அவரது குழுவினரும் 1974 இல் தமது முடிவுகளை வெளியிட்டனர். டெஸ்டஸ்டெரோன் ஹோர்மோனை அதனிலும் வீரியமான மற்றொரு ஹோர்மோனாக மாற்றும் நொதியம் அவர்களிடம் குறைபாடாக இருந்தது. வளர்ந்த பின்னரும் அவர்களது புரொஸ்டேட் சுரப்பி மிகச் சிறியதாகவே காணப்பட்டது. தலையில் வழுக்கை விழவுமில்லை. அந்த நொதியத்தை மருந்தினால் தடுத்தால் என்ன என்ற சிந்தனையின் விளைவே பினாஸ்டரைட். மேர்க் நிறுவனம் தயாரித்த 5 மில்லிகிராம் மாத்திரை 1992 இல் புரொஸ்டேட் வீக்கத்துக்கும், 1 மில்லிகிராம் மாத்திரை 1997 இல் தலைமுடி உதிர்வுக்கும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன.

சுரப்பியைச் சுருக்கும் மருந்து புற்றுநோயையும் தடுக்கலாம் என்ற எதிர்பார்ப்புடன் 1993 இல் அமெரிக்காவில் பெரும் ஆய்வொன்று ஆரம்பமானது. 55 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான 18,882 ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்குப் பினாஸ்டரைட்டும் மறு பாதியினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் ஏழு ஆண்டுகளுக்கு வழங்குவதென ஏற்பாடு செய்யப்பட்டது. 2003 இல் வெளியான முடிவுகளின்படி, மருந்து உட்கொண்டவர்களில் 18.4 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 24.4 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆனால், வேகமாகப் பரவக்கூடிய கொடிய வகைக் கட்டிகள் மருந்து உட்கொண்டவர்களில் 6.4 சதவீதமாகவும் மற்றவர்களில் 5.1 சதவீதமாகவும் இருந்தன. இந்தச் சிறு வித்தியாசம் பெரிய நன்மையை மறைத்து விட்டது எனலாம். ஆரோக்கியமாக உள்ள ஒருவருக்கு, கொடிய நோயைத் தரக்கூடும் எனச் சந்தேகிக்கப்படும் மாத்திரையை எந்த வைத்தியர்தான் துணிந்து வழங்குவார்? இதே வகையைச் சேர்ந்த டுட்டாஸ்டரைட் மருந்தைப் புற்றுநோய்த் தடுப்புக்கு அனுமதிக்கும் யோசனையையும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2010 டிசம்பரில் ஆதரிக்கவில்லை. 2011 ஜூனில் இவ்வகை மருந்துகளின் விபரக் குறிப்பில் எச்சரிக்கை வாசகமும் சேர்க்கப்பட்டது.

மருந்து கொடிய கட்டிகளை உருவாக்கவில்லை, ஒளிந்திருந்தவற்றைக் காட்டிக் கொடுத்தது என்று வாதிட்டவர்களும் இருந்தனர். சுருங்கிய சுரப்பியில் ஊசி செலுத்தித் திசு எடுக்கும்போது, அங்குள்ள கட்டி ஊசியில் அகப்படும் வாய்ப்பு அதிகம் என்பது அவர்களது விளக்கம். ஊகமாகவே இருந்த இவ்விளக்கத்துக்குக் காலமே சாட்சி கூற வேண்டியிருந்தது. ஆய்வில் பங்குகொண்டவர்களைச் சுமார் 18 ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்த பின்னர், 2019 ஜனவரியில் முடிவு வெளியிடப்பட்டது. புரொஸ்டேட் புற்றுநோயினால் மருந்துப் பிரிவில் 42 பேரும் போலி மாத்திரைப் பிரிவில் 56 பேரும் மரணமடைந்திருந்தனர். மருந்து உயிரைக் காத்தது என உறுதியாகக் கூற இவ்வித்தியாசம் போதாது. ஆயினும் 2003 இல் அஞ்சியவாறு மரணங்கள் பெருகவில்லை என்பது தெளிவாயிற்று.

எமது வாசகர்களுக்கு இதனிலும் முக்கியமானது அவ்வாண்டு மே மாதம் வெளியான மற்றைய ஆய்வாகும். அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசேவையில் புரொஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்ட 80,875 பேரின் பதிவுகள் அதில் ஆராயப்பட்டன. நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே இவ்வகை மருந்துகளை உட்கொண்டு வந்தவர்களில் 12 ஆண்டுகளுக்குள் இந்நோயினால் இறந்தவர்கள் 13 சதவீதம். உட்கொள்ளாதவர்களில் 8 சதவீதம். முதலாவது ஆய்வு மருந்தைக் குற்றமற்றதெனக் கூறிய சில மாதங்களுக்குள் இப்படியொரு முடிவு எவ்வாறு வந்தது?

விடை இரத்தப் பரிசோதனையில் உள்ளது. புரொஸ்டேட் நோயை அறிய உதவும் பி.எஸ்.ஏ. பரிசோதனையின் அளவை இம்மருந்துகள் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து விடுகின்றன. ஆகவே 3 என்று வரும் முடிவை 6 என்றே கொள்ள வேண்டும். இக்கணக்கைச் செய்யாத இடங்களில், ஐயத்துக்குரிய அளவு சாதாரணமானதாகத் தோன்றியது. அளவு உயர்ந்ததிலிருந்து நோய் கண்டறியப்படும் வரை, மருந்து உட்கொள்ளாதவர்களுக்கு 1.4 ஆண்டுகளும் உட்கொண்டவர்களுக்கு 3.6 ஆண்டுகளும் சென்றன. அதற்குள் பலருக்கு நோய் முற்றிவிட்டது. முதலாவது ஆய்வில் இந்த அளவுக் குறைவு முன்கூட்டியே கணக்கில் எடுக்கப்பட்டிருந்தது என்பதை இங்கு கவனிக்க வேண்டும். மருந்து ஒன்றுதான், வேறுபட்டது மேற்பார்வையே.

எனவே இம்மாத்திரையைப் பாவிப்போர், பி.எஸ்.ஏ. பரிசோதனைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் அதனை வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்து, பரிசோதனை முடிவைப் பார்க்கும் மற்றொரு வைத்தியருக்குத் தெரிந்திருக்கும் என எண்ணிவிடலாகாது. மருந்து உட்கொள்ளும் காலத்தில் அளவு முன்னரிலும் ஏறத் தொடங்கினால், அது வழமையான எல்லைக்குள் இருந்தாலும் ஆராயப்பட வேண்டியதே. தலைமுடிக்காக 1 மில்லிகிராம் மாத்திரை எடுக்கும் நடுத்தர வயதினர் இதனை ஒரு மருந்தாகவே கருதுவதில்லை. அச்சிறிய அளவும் பரிசோதனை முடிவை ஏறக்குறைய அதேபோன்று குறைக்கின்றது.

பக்கவிளைவுகளையும் மறைப்பதற்கில்லை. பாலியல் நாட்டம் குறைதல், ஆண்மைத் தளர்ச்சி ஆகியன சிலருக்கு ஏற்படுவது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. தற்கொலை எண்ணம் பினாஸ்டரைட்டின் பக்கவிளைவுகளுள் ஒன்றென ஐரோப்பிய மருந்து முகவரகம் 2025 மே மாதம் உறுதிப்படுத்தியது. அத்தகைய முறைப்பாடுகளில் பெரும்பாலானவை 1 மில்லிகிராம் மாத்திரை தொடர்பானவை. மனச்சோர்வு தோன்றினால் தாமதியாது வைத்தியரை நாட வேண்டும். அத்துடன், உடைந்த அல்லது பொடியாக்கிய மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடலாகாது. சலினாஸ் குழந்தைகளுக்கு இயற்கையாக நேர்ந்த அதே குறைபாட்டை, கருவிலுள்ள ஆண் சிசுவுக்கு இம்மருந்து உண்டாக்கக்கூடும் என்பதே அதற்குக் காரணமாகும்.