ஒரு பெட்டி, மூன்று சூடு

எங்கள் வீட்டு ஓவன் முதல் மூன்று வருஷம் ஹாலில்தான் இருந்தது, டிவிக்குப் பக்கத்தில். அது இழுக்கிற மின்சாரத்துக்குப் பெரிய பிளக் பாயிண்ட் வேண்டும். நாங்கள் குடியிருந்த மடிப்பாக்கம் வாடகை வீட்டில் அந்த மாதிரிப் பாயிண்ட் ஒன்றே ஒன்று, ஏ.சி.க்காக ஹாலில் போட்டிருந்தார்கள். எங்களிடம் ஏ.சி. இல்லை. அதனால் அந்த இடத்துக்கு ஓவன் குடிவந்தது. வந்தவர்கள் சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் கண்ணாடிக்குள் விளக்கு வெளிச்சத்தில் சாம்பார் சுற்றிக்கொண்டிருக்கும். "நியூஸ் பாக்கறேளா, சாம்பார் பாக்கறேளா?" என்று என் மாமியார் கேட்பார்.

2010 தீபாவளிக்கு வாங்கியது. கடைப் பையன் மூன்று பொத்தான்களைத் தொட்டுக் காட்டி, "மைக்ரோ, கிரில், கன்வெக்‌ஷன் மூணும் இதுலயே இருக்கு மேடம். கேக், சிக்கன், பீட்சா, எது வேணா போடலாம்" என்றான். நாங்கள் சிக்கன் சாப்பிடாத வீடு. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடித் தட்டை மட்டும் உள்ளே வைத்தோம். கூட வந்த இரண்டு கம்பி ராக்குகளையும் கையேட்டையும் தெர்மோகோலோடு அட்டைப்பெட்டிக்குள்ளேயே திணித்து, "பின்னாடி மாத்தணும்னா பெட்டி வேணும்" என்று சொல்லி அத்தை பரணில் ஏற்றிவிட்டார். அந்தப் பெட்டியின் மூன்று தொழில்களில் இரண்டு அன்றைக்கே பரணேறிவிட்டன என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அந்த மூன்று சூடும் ஒரே வயிற்றில் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு வேலைக்காகப் பிறந்து, நெடுந்தூரம் நடந்து வந்து ஒரே தகரக் கூட்டுக்குள் தங்கியவை.

மூத்தது கிரில். உள்ளே மேல்கூரையில் குழாய்போலத் தெரிவதற்குள் இருப்பது பெரும்பாலும் நிக்ரோம் கம்பி. நிக்கலோடு ஐந்தில் ஒரு பங்கு குரோமியம் சேர்த்த இந்தக் கலவைக்கு ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906இல் காப்புரிமை பெற்றார். சாதாரண இரும்புக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சிச் செக்கச் செவேலென்று பழுக்க விட்டால் காற்றோடு கலந்து சீக்கிரமே உதிர்ந்துபோகும். நிக்ரோமின் மேல் குரோமியம் ஒரு மெல்லிய தோல் கட்டிக்கொள்வதால் ஆயிரம் முறை பழுத்தாலும் தாங்கும். இஸ்திரிப்பெட்டி, டோஸ்டர், ஹீட்டர் எல்லாம் இந்தக் கம்பியின் வாரிசுகள்.

இரண்டாவது சூட்டின் கதைதான் பெரியது. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ரேண்டால், ஹாரி பூட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு செம்புக் கட்டியில் வட்டமாக ஆறு துளைகள் போட்டு, நடுவில் ஒரு மின்வாயை நிறுத்தி, 1940 பிப்ரவரி 21 அன்று ஓட்டிப் பார்த்தார்கள். சுமார் 10 சென்டிமீட்டர் நீள அலைகள் அதுவரை யாரும் காணாத வலுவோடு வெளியே வந்தன. அதுதான் மேக்னட்ரான். சமையல் யார் நினைப்பிலும் இல்லை. இருட்டில் வரும் ஜெர்மன் விமானத்தையும் கடல் மட்டத்துக்கு மேல் தலைநீட்டும் நீர்மூழ்கியையும் ரேடாரில் பிடிக்க அது வேண்டியிருந்தது.

போரில் தனியாக நின்ற பிரிட்டனுக்கு அதை ஆயிரக்கணக்கில் செய்ய வசதியில்லை. ரகசியத்தை அமெரிக்காவுக்கே கொடுத்து, செய்து தரச் சொல்வதென்று முடிவானது. 1940 ஆகஸ்ட் கடைசியில் எட்வர்ட் போவன் என்ற விஞ்ஞானி ஒரு மேக்னட்ரானைக் கருப்பு இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு லண்டனிலிருந்து கிளம்பினார். முதல் நாள் ராத்திரி ஓட்டல் பெட்டகத்தில் பெட்டி நுழையாததால் கட்டிலுக்கு அடியில் வைத்துப் படுத்தார். காலையில் டாக்சிக்காரர் அதை வண்டிக்குள் ஏற்ற மறுத்துவிட்டார். நாட்டின் மிகப் பெரிய ரகசியம் வண்டிக் கூரையில் கட்டப்பட்டு யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் போனது. அங்கே ஒரு போர்ட்டர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் விறுவிறுவென்று நடக்க, போவன் பின்னால் ஓடவேண்டியதாயிற்று. லிவர்பூலில் கப்பலேறி, செப்டம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இறங்கினார்கள். சாம்பார் ஆறிவிட்டதே என்று நான் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அந்தப் போர்ட்டரின் தோள் எனக்கு ஞாபகம் வரும்.

அமெரிக்காவில் அதை மளமளவென்று செய்து குவித்தவர்களில் ரேதியான் கம்பெனியின் பெர்சி ஸ்பென்சர் முக்கியமானவர். மெயின் மாநிலத்துக் கிராமத்தில் 1894இல் பிறந்தவர், பள்ளிப் படிப்பை முடிக்காமலே மில் வேலைக்குப் போனவர். கெட்டிச் செம்பைக் கடைந்தெடுப்பதை விட்டுவிட்டு, தகடுகளாக வெட்டி அடுக்கி ஒட்டவைக்கலாம் என்று வழி சொன்னார். போர் முடியும் தறுவாயில் அங்கே ஒரு நாளைக்கு 2,600 மேக்னட்ரான்கள் தயாராயின. ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த குழாய்க்குப் பக்கத்தில் நின்றபோது அவர் சட்டைப்பையிலிருந்த மிட்டாய் உருகிப்போனது. அடுத்து மக்காச்சோளத்தை வைத்தார்கள், பொரிந்தது. முட்டையை வைத்தார்கள், எட்டிப் பார்த்தவர் முகத்தில் வெடித்தது. 1945 அக்டோபரில் காப்புரிமைக்கு மனு போட்டார். 1947இல் விற்பனைக்கு வந்த ரேடாரேஞ்ச் கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம், 340 கிலோ எடை. குழாயைக் குளிர்விக்கத் தண்ணீர் இணைப்பு வேறு. மேசைமேல் வைக்கிற அளவுக்கு அது சுருங்க இருபது வருஷம் ஆனது. 1967இல் அமானா நிறுவனம் 495 டாலருக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பே ஜப்பானின் ஷார்ப் சுழலும் தட்டைச் சேர்த்துவிட்டிருந்தது.

மூன்றாவது சூடும் போர்க்காலத்துப் பிள்ளைதான். தொலைதூர விமானங்களில் உறைந்த சாப்பாட்டைச் சுட வைக்க, 1940களின் நடுவில் வில்லியம் மாக்ஸன் என்ற அமெரிக்கர் ஒரு சிறிய ஓவனைச் செய்தார். சூடான கம்பிக்குப் பின்னால் விசிறி வைத்து, சூடான காற்றைச் சுழற்றிவிட்டார். அதற்குச் சுழல்காற்று ஓவன் என்று பெயரும் வைத்தார். நம் பெட்டியில் கன்வெக்‌ஷன் என்பது இதுதான்.

சரி, ஹாலுக்கு வருவோம்.

2013இல் வீடு மாறினோம். சாமான் இறக்கும்போது பரணிலிருந்த அட்டைப்பெட்டி உடைந்து ராக் இரண்டும் கீழே விழுந்தன. ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் அதை எடுத்துப் பார்த்து, "இது எதுக்கும்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவுதான் கையேட்டை முதல்முறையாகப் படித்தேன். புதுவீட்டுச் சமையலறையில் 16 ஆம்ப் பாயிண்ட் இருந்தது. கன்வெக்‌ஷனில் எங்கள் பெட்டி 2,200 வாட் இழுக்கிறது, அதாவது பத்து ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. சின்னப் பாயிண்டில் அடாப்டர் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உருகிப்போன அடாப்டரின் நாற்றம் ஒரு வாரம் போகாது. அனுபவம்.

மறுநாள் காலை முந்தின நாள் கிரகப்பிரவேசத்தில் மீந்த மெதுவடை ஆறேழு இருந்தது. மூன்று சூட்டையும் அதன்மேல் சோதித்துப் பார்த்தேன்.

முதல் வடை மைக்ரோவில், முப்பது விநாடி. கை சுடுகிற சூடு, பஞ்சுபோல மெத்து. ஆனால் காபி ஆற்றுவதற்குள் செருப்புத் தோலாகிவிட்டது. காரணம் பிறகு புரிந்தது. மைக்ரோ அலை வடைக்குச் சூடு கொடுப்பதில்லை, வடைக்குள் இருக்கிற தண்ணீரைக் குலுக்குகிறது. அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியே வந்து மேலோட்டின் மொறுமொறுப்பை நனைத்துவிடுகிறது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். சிவக்கவோ முறுகவோ அதற்கு வெகுமேலே போகவேண்டும். மைக்ரோவில் எதுவும் பொன்னிறமாகாததன் ரகசியம் இவ்வளவுதான். உள்ளிருந்து வெளியே வேகிறது என்று பலரும் சொல்வதும் சரியில்லை. அலை ஓரிரு சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். அதற்குமேல் சூடு தானாகப் பரவவேண்டும். பெரிய பாத்திரக் குழம்பைப் பாதியில் நிறுத்திக் கிளறச் சொல்வது அதற்காகத்தான்.

இரண்டாவது வடை கிரில்லில். உயரமான ராக்கில் வைத்தேன். நான்காவது நிமிஷம் மேல்பக்கம் கருகத் தொடங்கியது. பிட்டுப் பார்த்தால் நடுவில் ஃபிரிட்ஜ் குளிர் அப்படியே இருந்தது. கிரில் மேலிருந்து அடிக்கிற வெயில். மெல்லியதற்கும் மேல்தோல் சிவக்கவேண்டியதற்கும்தான் ஆகும். சீஸ் தூவிய ரொட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய சோளம், ஊறவைத்த பன்னீர் துண்டு இவற்றுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. திருப்பிப் போட மறக்கக்கூடாது.

மூன்றாவது வடையைக் கன்வெக்‌ஷனில் போட்டேன். காலிப் பெட்டியை 180 டிகிரிக்குச் சூடேற்றி, அது கூவியதும் கட்டை ராக்கில் வடையை வைத்து ஏழு நிமிஷம். வெளியே எடுத்துத் தட்டில் போட்டபோது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அத்தை திரும்பிப் பார்த்தார். ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "எண்ணெய் எப்ப காய வெச்சே?" என்றார். விசிறி சுழற்றிய காற்று ராக்கின் கம்பிச் சந்து வழியாக வடையின் அடிவரை போயிருக்கிறது. கண்ணாடித் தட்டில் நேரே வைத்திருந்தால் அடிப்பக்கம் சொதசொதவென்று நின்றிருக்கும்.

அதற்கப்புறம் கேக் வந்தது. என் அம்மா பிரஷர் குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் செய்வாரே, அதே கேக். மணல் செய்த வேலையை இங்கே காற்று செய்கிறது. ஒன்று சொல்லவேண்டும். சாதாரண ஓவனுக்கு எழுதிய குறிப்பில் 200 டிகிரி என்றிருந்தால் விசிறி ஓவனில் 180 வைத்தால் போதும். இது தெரியாமல் மகளின் முதல் கேக் மேலே கரியாகவும் உள்ளே களியாகவும் வந்தது. யாழ்ப்பாணத்தில் பேக்கரிகளின் பெரிய அடுப்பைப் போறணை என்பார்கள், போர்த்துக்கீசியர் வழி வந்த சொல். அந்தப் பேர் எங்கள் பெட்டிக்குப் பொருந்திப்போனது கன்வெக்‌ஷனுக்குப் பிறகுதான்.

மைக்ரோவையும் கன்வெக்‌ஷனையும் சேர்த்து ஓட்டும் காம்பினேஷனும் உண்டு. உள்ளே வேகிற வேலையை அலையும் வெளியே சிவக்கிற வேலையைக் காற்றும் பார்த்துக்கொள்ளும். முழு உருளைக்கிழங்குக்கு அருமை. ஆட்டோ குக் பட்டியல் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நம் ஊர்க் கத்தரிக்காயின் எடை அதற்கு எப்படித் தெரியும்?

கத்தரிக்காய் என்றதும் ஞாபகம் வருகிறது. கொத்சுவுக்கு ஒரு முழுக் கத்தரிக்காயைக் குத்தாமல் மைக்ரோவில் வைத்தேன். ஐந்தாவது நிமிஷம் வெடித்தது. ஸ்பென்சரின் முட்டைக்கு நேர்ந்த அதே கதிதான், ஆவிக்கு வெளியே போக வழியில்லை. துடைக்கும்போது உட்சுவரில் ஒட்டியிருந்த பழுப்பு அட்டை மாதிரி ஒன்றைப் பார்த்து, பேக்கிங் காகிதம் என்று நினைத்து உரித்துவிட்டேன். அது மைக்கா தகடு, அலை உள்ளே வரும் வாசலுக்குப் போட்ட கதவு. அடுத்த தடவை ஓட்டியபோது உள்ளே தீப்பொறி பறந்தது. ரிப்பேருக்கு வந்தவர் மேக்னட்ரானே போய்விட்டது என்று சொல்லி நாலாயிரம் ரூபாய் கேட்டார். பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொருவர் புதிதாக ஒரு மைக்கா தகட்டை அளவெடுத்து வெட்டி ஒட்டிவிட்டு, இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதே மேக்னட்ரான்தான் இன்னும் ஓடுகிறது.

இன்று அந்தப் பெட்டி என் வீட்டில் செய்யும் வேலை இது: அப்பளம், சாதம், முந்தின நாள் குழம்பு, கறிவேப்பிலை காயவைப்பது மைக்ரோவில். சோளமும் பன்னீரும் கிரில்லில். வடை, சமோசா, கேக், நிலக்கடலை கன்வெக்‌ஷனில். ஸ்டீல் பாத்திரம் மைக்ரோவில் போகக்கூடாது. மைக்ரோவில் பிளாஸ்டிக்கும் கன்வெக்‌ஷனில் கண்ணாடியும் என்பதைத் தலைகீழாக மாற்றிவிடக்கூடாது, டப்பா உருகி ராக்கில் ஒட்டிக்கொள்ளும். தாளிப்பு மட்டும் அன்றும் இன்றும் அடுப்பில்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி சாம்பார் சுட வைத்துக்கொண்டிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏணி போட்டுப் பரணைப் பாருங்கள். தெர்மோகோலுக்கு நடுவில் ராக் இருக்கும்.