கைகூப்பிய கூரைகள்

என் மகன் நகோயாவில் வேலை பார்த்த ஆண்டுகளில் நான்கு தடவை ஜப்பான் போய்வந்தேன். நான்கும் வெவ்வேறு பருவங்கள். எங்கே சுற்றினாலும் கடைசியில் இரண்டு நாளாவது ஒரு மலைக்கிராமத்தில் தங்கிவிட்டுத்தான் திரும்புவேன். அந்த ஊரின் பெயர் ஓகிமாச்சி. கிஃபு மாகாணத்தில், ஷிராகவா-கோ என்ற பள்ளத்தாக்கில், ஷோ ஆற்றின் கரையில் இருக்கிறது. நகோயாவிலிருந்து தக்கயாமாவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

முதலில் போனது பிப்ரவரியில். பேருந்து சுரங்கப்பாதைகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தபோது, சாலையின் இருபுறமும் பனி ஆளுயரத்துக்கு மேல் சுவராக நின்றது. வடக்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. இரண்டு மீட்டர் பனி இங்கே செய்தியே அல்ல. அந்த வெள்ளைக்கு நடுவில் நின்றன, நான் படங்களில் மட்டுமே பார்த்திருந்த புல்வேய்ந்த வீடுகள். வணங்கும்போது இரு கைகளையும் கூப்புகிறோமே, அதைப் போன்ற கூரை. பெயரும் அதுதான்: ‘கஷ்ஷோ’ என்றால் கைகூப்புதல். கூரையின் சரிவு ஏறக்குறைய 60 பாகை. பனி அதிகம் தங்காமல் வழுக்கி விழவேண்டும் என்பதற்காகவே இவ்வளவு செங்குத்து.

நாங்கள் தங்கியது அப்படிப்பட்ட ஒரு வீட்டில். சில குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே இரண்டு மூன்று அறைகளை விருந்தினருக்கு விடுகிறார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம், மகன்தான் மொழிபெயர்ப்பு. முப்பது வருஷம் கணக்குத் தணிக்கை செய்தவன் வேறு எதைக் கேட்பான்? “இந்தக் கூரையை மாற்ற எவ்வளவு செலவாகும்?” என்றேன். அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “இருநூறு பேர்” என்றார்.

மொழிபெயர்ப்பில்தான் ஏதோ தவறு என்று நினைத்து மறுபடி கேட்கச் சொன்னேன். அதே பதில்தான் வந்தது. அந்தப் பதில் புரிய எனக்கு இன்னும் மூன்று பயணங்கள் வேண்டியிருந்தன.

அடுத்து போனது ஏப்ரல் கடைசியில். ஊரில் பனி உருகி, வயல்களில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில் கூரைகள் தலைகீழாகத் தெரியும். பழைய காலத்தில் கூரை மாற்றும் வேலை நடப்பது இந்தப் பருவத்தில்தான். பனி போயிருக்கும், விதைப்பு தொடங்கியிராது. ஒரு கூரை முப்பது நாற்பது ஆண்டு தாங்கும். ஒரு தடவைக்கு ஒரு பக்கச் சரிவை மட்டும் மாற்றுவார்கள். பழைய புல்லை உருவி, புதுப்புல்லை அடுக்கிக் கட்டி முடிக்க ஒரே நாள், அல்லது இரண்டு நாள். மழை வந்தால் வீடு கெட்டுவிடும் என்பதால் அந்த அவசரம். நூறு இருநூறு பேர் ஒரே நாளில் வந்தால்தான் இது முடியும். எந்தக் குடும்பத்தாலும் தனியாக முடியாது.

இந்த உதவி முறைக்கு ‘யுயி’ என்று பெயர். கூலி கிடையாது. ஆனால் தானமும் இல்லை. யார் வீட்டிலிருந்து எத்தனை ஆள் எத்தனை நாள் வந்தார்கள், எவ்வளவு புல், எவ்வளவு கயிறு கொண்டுவந்தார்கள் என்றெல்லாம் நோட்டில் எழுதிவைப்பார்கள். அந்த வீட்டின் முறை வரும்போது அதே அளவு திருப்பிச் செய்யவேண்டும். கூரை நாற்பது ஆண்டு தாங்குமென்றால், அப்பா பட்ட கடனை மகன் அடைப்பதும் உண்டு. நான் பார்த்த கணக்குப் புத்தகங்களில் நாற்பது வருஷ வரவு காத்திருந்ததாக நினைவில்லை.

வீட்டின் கட்டுமானத்திலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது. தரைத்தளத்துத் தூண்களையும் உத்தரங்களையும் செய்வது தேர்ந்த தச்சர்கள். அதற்கு மேலே நிற்கும் பெரிய கூரைச் சட்டகம் முழுவதும் ஊர்க்காரர்களின் வேலை. அதில் ஆணியே கிடையாது. வைக்கோல் கயிற்றாலும், முறுக்கிப் பதப்படுத்திய இளங்கொம்புகளாலும் கட்டுகிறார்கள். சாய்மரங்களின் அடிமுனையைக் கூராகச் சீவி, உத்தரத்தில் உள்ள குழியில் உட்காரவைக்கிறார்கள். காற்றிலும் பனிப்பாரத்திலும் கூரை சற்று அசைந்து கொடுக்கும், முறியாது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ப்ரூனோ டாட், நாஜிகளிடமிருந்து தப்பி ஜப்பானில் வாழ்ந்த காலத்தில், 1935-ல் இங்கே வந்தார். இந்த வீடுகள் எவ்வளவு பகுத்தறிவோடு கட்டப்பட்டவை என்று அவர் வியந்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் இவற்றைக் கவனிக்கத் தொடங்கியது.

அந்த வசந்தத்தில் மகன் என்னைக் காரில் ஆற்றின் மேற்புறம் அழைத்துப் போனான். அங்கே மிபோரோ அணை. 1961-ல் கட்டி முடித்தது. மண்ணும் பாறையும் கொண்டு 131 மீட்டர் உயரம். இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடுகளும் வயல்களும் கோயில்களும் நீருக்குள் போயின. மக்கள் ஏழு ஆண்டுகளுக்கு மேல் எதிர்த்துப் போராடி, கடைசியில் 1959-ல் தங்கள் சங்கத்தைக் கலைத்தார்கள். மின்கழகத்தின் முதல் தலைவராக இருந்த தக்காசாகி தட்சுனோசுகே, மூழ்கப்போகும் ஊரின் கோயிலில் நானூறு ஆண்டு கடந்த ஒரு செர்ரி மரத்தைப் பார்த்தார். அதையாவது காப்பாற்றவேண்டும் என்று தோன்றியது அவருக்கு. செர்ரி மரங்களில் வல்லவரான சாசாபே ஷிந்தாரோவைக் கேட்டுக்கொண்டார். பக்கத்துக் கோயிலில் இன்னொரு மரமும் கிடைத்தது. 1960-ன் இறுதியில் இரண்டையும் வேரோடு பெயர்த்து மலைச்சரிவில் மேலே நட்டார்கள். பிழைக்காது என்றே பலர் சொன்னார்கள். அடுத்த வசந்தத்தில் துளிர்த்தன. ஊரை இழந்தவர்கள் பிறகு அந்த மரங்களடியில் வந்து கூடினார்கள்.

நான் போன அன்று இரண்டும் பூத்திருந்தன. கிளைகளுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். கீழே நீர்த்தேக்கம் அசையாமல் கிடந்தது. இரண்டு மரங்களைத் தூக்கி நடமுடிந்தது. ஒரு ஊரைத் தூக்கி நடமுடியவில்லை. யுயி நோட்டில் இருந்த கடன்களை யார் யாருக்கு அடைத்திருப்பார்கள்?

மூன்றாவது பயணம் கோடையில், ஜூலை மாதம். நெல் பச்சையாக நிற்க, வீடுகளுக்குள் நல்ல குளிர்ச்சி. அந்தம்மா பரணுக்கு ஏறிப்போய்ப் பார்க்கச் சொன்னார். பரண் என்றால் நம் மனத்தில் தோன்றும் இடுக்கு இல்லை. கூரைக்குள்ளேயே இரண்டு மூன்று அடுக்குகள். இரு முனைச்சுவர்களிலும் சன்னல்கள். பள்ளத்தாக்கின் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. அடுக்கடுக்காகத் தட்டுகள் வைத்துப் பட்டுப்புழு வளர்த்தது இங்கேதான். கீழே எரியும் கணப்பின் சூடு மேலே ஏறி புழுக்களைக் காக்கும். அதன் புகை புல்லிலும் கயிற்றிலும் படிந்து பூச்சி அரிக்காமல் காக்கும்.

தரைக்குக் கீழே இன்னொரு தொழில் நடந்தது. ஆற்றின் கீழ்ப்புறத்தில் உள்ள கோகயாமாவில் அது இன்னும் பெரிய அளவில். கணப்பை ஒட்டித் தரையடியில் குழிதோண்டி, மண்ணோடு பட்டுப்புழு எச்சத்தையும் மலைச்செடிகளையும் கலந்து போட்டு, ஆண்டுக்கணக்கில் மக்க விடுவார்கள். பிறகு அந்த மண்ணில் நீரூற்றி வடித்துக் காய்ச்சினால் கிடைப்பது வெடியுப்பு, அதாவது வெடிமருந்தின் முக்கியச் சரக்கு. கோகயாமாவை ஆண்ட காகா அரசு அதை வாங்கிக்கொண்டது. யாரும் எளிதில் போகமுடியாத பள்ளத்தாக்கு என்பதால் ரகசியமும் காப்பாற்றப்பட்டது. அதே காரணத்துக்காகக் குற்றவாளிகளையும் கோகயாமாவுக்கு நாடுகடத்தினார்கள். ஆற்றின் மேல் பாலம் கிடையாது. கயிற்றில் தொங்கும் கூடையில்தான் கடக்கவேண்டும்.

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டு வெடியுப்பு மலிவாக வந்து இறங்கியதும் அந்தத் தொழில் போயிற்று. 20-ம் நூற்றாண்டில் பட்டும் போயிற்று. இவ்வளவு பெரிய கூரைக்கு வேலை இல்லாமல் போனது. 19-ம் நூற்றாண்டின் முடிவில் இந்த வட்டாரத்தில் 1,800-க்கும் மேற்பட்ட கஷ்ஷோ வீடுகள் இருந்தன. நூறாண்டு கழித்து நூற்றைம்பதுகூட மிஞ்சவில்லை. சில அணையில் மூழ்கின, சில எரிந்தன, பலவற்றை நகரத்தார் வாங்கிப் பிரித்தெடுத்துப்போய் உணவகமாக்கினார்கள். கஸுரா என்ற சிற்றூரில் 1967-ல் எல்லாக் குடும்பங்களும் ஒன்றாக வெளியேறின. அங்கிருந்து கொண்டுவந்து நிறுத்திய வீடுகள், ஓகிமாச்சிக்கு எதிர்க்கரையில் இன்று ஓர் அருங்காட்சியகமாக இருக்கின்றன. நல்ல பராமரிப்பு. ஆனால் குடியிருக்க ஆள் இல்லை.

ஒரு வீடு போனால் போவது வீடு மட்டும் இல்லை. அடுத்த வீட்டுக் கூரைக்கு வரவேண்டிய கைகளும் போகின்றன. இருபது குடும்பம் குறைந்தால் மிச்சமிருப்பவர்களின் கூரையும் நிற்காது. ஓகிமாச்சிக்காரர்களுக்கு இது புரிந்திருந்தது. 1971-ல் ஊரார் எல்லோரும் சேர்ந்து ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்து மூன்று விதிகள் செய்துகொண்டார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1976-ல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் குடியிருப்பாக அறிவித்தது. 1995-ல் ஓகிமாச்சியும், கோகயாமாவின் ஐனோகுரா, சுகனுமா என்ற இரு ஊர்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. சட்டமும் பட்டமும் பின்னால் வந்தவை. தன் சொத்தைத் தான் விற்கமாட்டேன் என்று ஒவ்வொரு குடும்பமும் ஒப்புக்கொண்டதுதான் முதலில் நடந்தது. நல்ல விலைக்கு ஆள் வந்து கேட்ட காலத்தில் அப்படி ஒப்புக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

கடைசியாகப் போனது இலையுதிர் காலத்தில், அக்டோபர் நடுவில். ஊர்க்கோயிலில் ‘தோபுரோகு’ திருவிழா. வடிகட்டாத அரிசி மதுவைக் கோயிலிலேயே காய்ச்சி, வந்தவர்க்கெல்லாம் ஊற்றுகிறார்கள். மருத்துவர் சொன்னதை நினைத்து உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டேன். மகன் என் பங்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டான்.

திருவிழா முடிந்தால் புல் அறுக்கும் வேலை. முதல் பனிக்குமுன் அறுத்துக் கட்டுக்கட்டாகக் காயவைக்கவேண்டும். தீக்காவலும் இந்த மாதங்களில் மும்முரம். ஒரு பொறி போதும், ஊரே போய்விடும். முறைவைத்துக் குடும்பங்கள் தினமும் ஊரைச் சுற்றிவந்து தீ எச்சரிக்கை செய்கின்றன. வீடுகளுக்கிடையே ஐம்பதுக்கும் மேற்பட்ட நீர்ப்பீரங்கிகள் சின்னச் சின்னக் குடில்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஆண்டுக்கொருமுறை ஒத்திகையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். 2019 நவம்பரில் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய கொட்டகைகள் எரிந்தபோது இந்தப் பீரங்கிகள் நிஜமாகவே பாய்ந்தன.

அந்தம்மாவிடம் இந்தத் தடவை நேராகக் கேட்டேன்: “இன்றும் இருநூறு பேர் வருகிறார்களா?” வருவதில்லை என்றார். 2001-ல் ஒரு பெரிய வீட்டின் கூரைக்கு வெளியூர்த் தொண்டர்களும் சேர்ந்து சுமார் 500 பேர் வந்தார்களாம். ஆனால் இப்போது பெரும்பாலான கூரைகளை அரசு மானியத்தில் தொழிலாளர்கள் மாற்றுகிறார்கள், எப்போதாவதுதான் யுயி. ஊரில் அறுநூறு பேர்கூட இல்லை. ஆண்டுக்கு வரும் பயணிகளோ பதினைந்து லட்சத்துக்கும் மேல். அவர் பேரன் கனசாவாவில் வேலையில் இருக்கிறான். “கூரை இன்னும் பன்னிரண்டு வருஷம் தாங்கும். அதற்குள் அவன் வரவேண்டும்” என்றார். சொல்லிவிட்டு, பழைய நோட்டைத் தான் எறியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மகன் நகோயாவை விட்டு வந்துவிட்டான். எனக்கும் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போனால், ஒரு இரவாவது அங்கே தங்குங்கள். மாலையில் கடைசிப் பேருந்துகள் கிளம்பிய பிறகுதான் அது ஊராகத் தெரியும். யார் வீட்டு வாசலிலும் கேட்காமல் நுழைந்து படம் எடுக்காதீர்கள். கூரையைப் பார்க்கும்போது அதில் எத்தனை பேருடைய ஒரு நாள் இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள்.