உணவக பிரான்சைஸுக்கு அரசுக் கடன்: மறுப்பு எழுத்தில் வரட்டும்

பெயர்பெற்ற உணவக நிறுவனம் ஒன்றின் பிரான்சைஸ் உரிமத்தைப் பெற்றுக் கடை திறக்க அரசுக் கடன் கிடைக்குமா எனப் பட்டியலின இளைஞர் பலர் எங்களிடம் கேட்கின்றனர். கிடைக்கும். ஆனால் திட்ட அறிவிப்புக்கும் வங்கிக் கிளை மேலாளரின் மேசைக்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது.

தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்த சமூகம் இது. தலித் ஒருவர் நடத்தும் உணவகத்துக்கு ஆள் வருமா என்ற அச்சம் வீண் கற்பனையன்று. பிரான்சைஸில் பலகையில் இருப்பது நிறுவனத்தின் பெயர். உரிமையாளரின் ஊரும் தெருவும் அதில் தெரிவதில்லை. (இது விடுதலையா, மறைந்து வாழ்தலா என்பது தனி விவாதம்.)

2016 ஏப்ரலில் ஒன்றிய அரசு தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா, 2025 மார்ச் வரையிலான காலத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன். ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவருக்கேனும், பெண் ஒருவருக்கேனும் வழங்க வேண்டும் என்பது அதன் இலக்கு. சொத்துப் பிணைக்கு மாற்றாக அரசின் கடன் உத்தரவாத நிதியும் இருந்தது. ஆனால் பிணையா, உத்தரவாதமா என்பதை வங்கியே முடிவு செய்யலாம் என்றது விதி. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டவர்களிடம் நிலப்பத்திரம் கேட்க அந்த ஒரு சொற்றொடர் போதுமானதாயிற்று. இனி வரும் திட்டங்களில் நாம் முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

தமிழ்நாட்டில் 2023இல் அறிமுகமான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இதைவிட மேலானது. திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய், முதலீட்டு மானியம்; வட்டியில் 6 விழுக்காடு மானியம். விண்ணப்பதாரர் கைப்பணம் போட வேண்டியதில்லை. மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். எனினும் எஞ்சிய தொகையைத் தருவது வங்கிதான்.

பிரான்சைஸுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் வங்கியின் கண்ணுக்குச் சொத்து. உரிமக் கட்டணம் அப்படியன்று. ஆகவே திட்ட அறிக்கையில் இவற்றைத் தனித்தனியே காட்டுங்கள். கடன் தவணை 7 ஆண்டும் உரிம ஒப்பந்தம் 5 ஆண்டும் என்றால், கடைசி இரண்டு ஆண்டுத் தவணையை எந்தக் கடையின் வருமானத்தில் கட்டுவது? பிரான்சைஸுக்கெனத் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே பொருந்தும். நிறுவனம் எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள் அறிவிப்பில் உரிமத்தை ரத்து செய்யலாம் என்ற பிரிவைப் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள்.

வங்கி மறுத்தால்? பெரும்பாலும் வாய்மொழியாகவே மறுக்கிறார்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை மட்டத்தில் நிராகரிக்காமல் அதற்கு அடுத்த மேல்மட்டத்திலேயே நிராகரிக்க வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கிளை மேலாளரின் "பார்க்கலாம்", "இப்போது முடியாது" ஆகியவை அந்த அறிவுறுத்தலின்படி நிராகரிப்பே ஆகா.

சாதியின் பெயரால் தொழில் செய்யவிடாமல் தடுத்தால் அது வங்கி விவகாரமன்று, குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 3(1)(za) பிரிவு அதற்குரியது. கடையைப் புறக்கணிக்கச் சொல்லி ஊரைத் தூண்டினால் 3(1)(zc).